தேயிலை போடாத ஐஸ் தே

(தோட்டக் கிளை மாதர் பிரிவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், வீட்டுரிமை என்று பேசிப் பழகிய மேடையில் இன்று ஐஸ் தே போடுவது எப்படி என்று பேச வந்திருக்கிறோம். "சங்கத்துக்கு வேறு வேலை கிடையாதா?" என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். தொழிலாளியின் தூக்கமும், தொழிலாளிப் பெண்ணின் இரத்தமும், வீட்டில் சீனிக்கும் மாத்திரைக்கும் போகும் காசும் சங்கத்தின் வேலை இல்லையென்றால் வேறு எதுதான் சங்கத்தின் வேலை என்று நாம் திருப்பிக் கேட்போம்.

நம் நாட்டில் கோடைகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் தைப்பூசம் கழிந்தால் வெயில் எப்படி என்பது தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, இடத்துக்கு இடம் சற்று முன்பின்னாக, பால்மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். நிரையில் நிழல் என்பது பேருக்குத்தான். மழையும் குறைவு, கெடா, பெர்லிஸ் பக்கம் இன்னும் குறைவு. பாலும் சரியாக இறங்குவதில்லை. ஆக, வெயில் ஏறுகிற அதே மாதங்களில் வரும்படி இறங்குகிறது. பெர்லிஸில் உள்ள சுப்பிங்கில் 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் 40.1 டிகிரி வெப்பம் பதிவானது. 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெயிலுக்காகப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி மூடிய அந்த நாட்களிலும் அப்பா அம்மாவுக்குப் பெரட்டு உண்டு.

இந்த வெயிலில் வேலை முடிந்து, பால் நிறுத்து, வீடு வந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, சற்றே கண் அயர்ந்து எழுந்தால் மணி மூன்றரை, நான்கு. அப்போது கை தானாக எங்கே போகிறது? தேயிலை டப்பாவுக்கு. கெட்டிப் பால் ஊற்றிய தே. கடைப் பக்கம் போனால் தே ஐஸ், கோப்பி ஐஸ். பிள்ளைகளுக்குச் சிவப்புச் சிராப். இதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவைப்போம். தேயிலை உடம்பிலுள்ள தண்ணீரை வற்றவைத்துவிடும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இது சரியன்று. அளவாகக் குடிக்கும் தேநீரோ கோப்பியோ உடம்பை உலரவைப்பதில்லை. குடிக்கும் நீரில் பெரும்பகுதி உடம்பிலேயே தங்குகிறது. ஆகையால் "தே குடிக்காதே, செத்துப்போவாய்" என்று பயமுறுத்த நாம் வரவில்லை. விடியற்காலையில் பசியாறும்போது குடிக்கும் ஒரு மங்குத் தேநீரை யாரிடமிருந்தும் பறிக்கும் எண்ணம் நமக்கு இல்லை. பறிக்கவும் முடியாது!

நாம் சொல்ல வருவது பிற்பகல் தேநீரைப் பற்றி. தேயிலையிலும் கோப்பியிலும் காபீன் என்றொரு சத்து இருக்கிறது. சாதாரணக் கோப்பைத் தேநீரில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம். கோப்பியில் அதைவிட அதிகம். அதிலும் கடைக் கோப்பித் தூளில் பெரும்பாலும் சேரும் ரோபஸ்டா வகையில், அராபிகா வகையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காபீன். இது மூளையைத் தட்டி எழுப்புகிறது. அதற்காகத்தானே குடிக்கிறோம். ஆனால் தட்டி எழுப்பிய கை உடனே நின்றுவிடுவதில்லை. உள்ளே போன காபீனில் பாதி கழிவதற்கே சராசரி ஐந்து மணி நேரம் ஆகிறது.

இப்போது பால்வெட்டுத் தொழிலாளியின் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் நான்கு மணிக்கு எழுந்தாக வேண்டும். ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டுமென்றால் ஒன்பது மணிக்குக் கண் மூட வேண்டும். மாலை நான்குக்குக் குடித்த கோப்பியின் பாதி ஒன்பது மணிக்கும் உடம்பில் விழித்துக்கொண்டிருக்கிறது. பட்டணத்து ஆபீஸ்காரர் பதினொன்றுக்குப் படுத்து ஏழுக்கு எழுவார். அவருக்கு நாலு மணிக் கோப்பி பெரிய சேதம் செய்யாது. நமக்கு அப்படியன்று. 2013-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பே 400 மில்லிகிராம் காபீன் உட்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தூக்கம் குறைந்தது. 400 என்பது பெரிய அளவுதான், நான்கு கோப்பிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆறு மணி நேரம் கழித்தும் அதன் வேலை ஓயவில்லை என்பதைக் கவனியுங்கள். இருட்டில் கூரான உளியைப் பிடித்து, பட்டையில் ஆழம் தப்பாமல் கோடிழுக்கும் தொழில் நம்முடையது. தூக்கம் கெட்ட கையால் மரமும் கெடும், விரலும் கெடும். பிறகு ஸ்டோர் வாசலில் நிற்கும் மண்டோர் மரக்காயத்துக்குக் கணக்குக் கேட்பார். நாலு மணிக் கோப்பிக்கு யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். பிள்ளை வயிற்றில் வளர வளர, காபீன் உடம்பிலிருந்து கழியும் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு.

அடுத்தது இரத்தம். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடுவதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பாதிக்கும் மேல் வீணாகிறது. நம் பெண்களில் சோகை எவ்வளவு என்பது கிளினிக்குக்குப் போய் வருபவர்களுக்குத் தெரியும். முருங்கைக்கீரைக் கறி வைத்துச் சாப்பிட்டு, கையோடு ஒரு கோப்பைத் தேநீரும் குடித்தால் கீரை வாங்கிய காசு யாருக்குப் போயிற்று? சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இது காபீனால் வரும் தீங்கல்ல, துவர்ப்பால் வருவது. அதனால் காபீன் எடுத்த தேயிலை வாங்கினாலும் இந்தக் குறை தீராது. சாப்பாட்டோடு ஏதாவது குடித்தே தீர வேண்டுமென்றால் எலுமிச்சை பிழிந்த தண்ணீர் குடியுங்கள். அது இரும்புச் சத்தை உள்ளே கொண்டுசேர்க்க உதவும்.

மூன்றாவது சீனி. இதில் நமக்குக் கோபமே வருகிறது. இனிப்பான கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களைத் தனியாக எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். இந்த மண்டபத்தில் மூன்று பேராக எண்ணிப் பாருங்கள். பாட்டில் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அது 90 காசாயிற்று. வரி நல்லதா கெட்டதா என்பதை வேறொரு நாள் பேசுவோம். வீட்டில் காய்ச்சிக் குடித்தால் அந்த 90 காசும் மிச்சம், சீனியின் அளவும் நம் கையில்.

சரி, தேயிலை இல்லாமல் என்ன தே? பெயரைப் பற்றிச் சண்டை வேண்டாம். ஆனால் கடையில் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். பச்சைத் தே, மல்லிகைத் தே, ஊலோங் எல்லாம் தேயிலைதான், காபீன் உண்டு. "காபீன் நீக்கியது" என்று போட்ட தேயிலையிலும் ஒரு சில மில்லிகிராம் தங்கியிருக்கும், விலையோ அதிகம். மைலோவில்கூட கொக்கோ இருப்பதால் கொஞ்சம் உண்டு. இவை எதுவும் வேண்டாம். நம் லயத்துக் கொல்லையிலும் மளிகைக் கடையிலும் இருக்கும் சரக்கே போதும்.

கொல்லையில் செரை இல்லாத வீடு தோட்டத்தில் குறைவு. கறிக்கும் சம்பலுக்கும் போடுகிறோமே, அந்த எலுமிச்சம்புல்தான். நான்கு தண்டு எடுத்து, மேல் இலையை நறுக்கிவிட்டு, அடிப்பக்கத்து வெள்ளைத் தண்டை அம்மிக் குழவியால் நன்றாக நசுக்குங்கள். நசுக்காமல் போட்டால் வாசம் தண்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தோல் சீவித் தட்டிக்கொள்ளுங்கள். பாண்டான் இலை இரண்டை முடிச்சுப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, கொதி வந்தபின் தீயைத் தணித்துப் பத்து நிமிடம் விடுங்கள். இறக்கி மூடிவைத்து, ஆறியபின் வடிகட்டுங்கள். ஆறிய பிறகுதான் லீமாவ் கஸ்தூரி பிழிய வேண்டும். சூட்டில் பிழிந்தால் புது வாசமும் போகும், சத்தும் குறையும். நான்கைந்து பழம் போதும். விதை நசுங்கினால் கசக்கும், ஆகவே வடிகட்டியின் மேல் பிழியுங்கள். இது இளமஞ்சளாக இருக்கும். பார்ப்பதற்குத் தண்ணீர்போல் இருந்தாலும் குடித்தால் நெஞ்சு வரை குளிர்ச்சி இறங்கும். நம் தீர்ப்பில் பிற்பகல் பானங்களில் முதலிடம் இதற்கே.

"நிறம் இல்லாவிட்டால் தே குடித்த மாதிரியே இல்லை" என்பவர்களுக்கு வறுத்த பார்லி. சீனர் கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் அதே வெள்ளைப் பார்லி. எண்ணெய் விடாமல் சட்டியில் போட்டு, சிறு தீயில், கை ஓயாமல் கிளறி வறுக்க வேண்டும். முதலில் பொன்னிறம், பிறகு மரப்பட்டை நிறம். கோப்பிக்கொட்டை வறுக்கும் வாசம்போல் ஒன்று எழும், அப்போது இறக்கிவிடுங்கள். கருகவிட்டால் கசப்புதான் மிஞ்சும். ஆறவைத்து டப்பாவில் அடைத்தால் இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, இன்னும் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டினால், அசல் தே ஓ நிறம்! சீனியே வேண்டியதில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் வெயிற்காலத்தில் வீடுதோறும் குளிரவைத்துக் குடிப்பது இதைத்தான். ஜப்பான் என்றதும் சில முகங்கள் சுருங்குவதைப் பார்க்கிறோம். சயாம் ரயிலுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கணக்கை மறக்கச் சொல்லவில்லை. பார்லியின்மேல் அதை எழுத வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

சிவப்பு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும். சிராப்புக்குப் பதிலாக ரோசெல் காய்ச்சிக் கொடுங்கள். இது புளிச்சக்கீரை வகையைச் சேர்ந்த செடி. நம் தெலுங்குச் சகோதரர்கள் கோங்கூரா என்று ஊறுகாய் போடுவார்களே, அந்தக் குடும்பம். தெரெங்கானு பக்கம் பயிராக்குகிறார்கள். வேலியோரம் நட்டாலும் வளரும். பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பற்றாக நிற்கும் சிவப்பு இதழைத்தான் எடுக்க வேண்டும். காய்ந்த இதழ் கால் கோப்பைக்கு ஒரு லிட்டர் கொதிநீர். கால் மணி நேரம் மூடிவைத்தால் சாறு இறங்கிவிடும். புளிப்பு அதிகம், அதனால் அலுமினியப் பாத்திரம் கூடாது; எனாமல் மங்கோ எவர்சில்வரோ நல்லது. 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சற்றே இரத்த அழுத்தம் கூடியவர்கள் நாளுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் இதைக் குடித்தபோது, மேல் அழுத்தம் சராசரி ஏழு புள்ளி இறங்கியது. அதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கர்ப்பிணிகள் ரோசெலைத் தவிர்ப்பதே நலம். இதிலும் துவர்ப்புச் சத்து உண்டு. ஆகையால் சாப்பாட்டோடு இதுவும் வேண்டாம்.

சுக்குமல்லியைப் பற்றி உங்களுக்கே நாம் பாடம் நடத்தினால் சிரிப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்வோம்: அது சூடாகத்தான் குடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. வறுத்துப் பொடித்த மல்லி ஒரு மேசைக்கரண்டி, சுக்கு ஒரு சிறு துண்டு, ஒரு லிட்டர் தண்ணீர். மெல்லிய துணியில் வடித்துக் குளிரவைத்துப் பாருங்கள். சுக்கைக் கூட்டினால் குளிரவைத்தாலும் தொண்டை எரியும்.

இனிப்பு. குலா மலாக்கா போட்டால் உடம்புக்கு நல்லது, சீனி போட்டால்தான் கெடுதல் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. குலா மலாக்காவும் சீனிதான். வாசம் உண்டு, அவ்வளவே. தேனும் அப்படியே, அதிலும் ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், நிறுத்தினால் மிக நல்லது என்கிறது. அது நாள் முழுதும் சேரும் இனிப்புக்கெல்லாம் சேர்த்த கணக்கு. திடீரென்று சீனியை நிறுத்தினால் வீட்டில் கலகம்தான் வரும். லிட்டருக்கு நான்கு கரண்டியில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு கரண்டி குறையுங்கள். நாக்கு பழகிவிடும், யாருக்கும் சொல்ல வேண்டாம்.

ஐஸ் போடுகிறபோது பலர் செய்யும் தவறு ஒன்று. காய்ச்சியதை அப்படியே ஊற்றி ஐஸ் போட்டால் பாதி கரைந்து வெறும் தண்ணீராகும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டருக்கான சரக்கைப் போட்டுக் கடுமையாகக் காய்ச்சி, மீதி அரை லிட்டருக்கு ஐஸ் போடுங்கள். ஐஸும் கொதித்து ஆறிய நீரில் உறைந்ததாக இருக்கட்டும். சிலர் வெயிலில் போத்தலை வைத்து ஊறவைக்கும் முறையைச் சொல்கிறார்கள். கண்ணாடிப் போத்தல், பச்சைத் தண்ணீர், இலை, வெயில்; பார்க்க அழகுதான். ஆனால் வெயிலின் சூடு கிருமியைக் கொல்லாது, வளர்க்கும். நம் நாட்டுச் சூட்டில் அந்த வழி வேண்டவே வேண்டாம். கொதிக்கவைத்துத்தான் செய்ய வேண்டும்.

குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு நாளைக்குள் முடித்துவிடுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் காலையில் காய்ச்சியது மாலைக்குள் தீர வேண்டும். மண்பானையை நம்பலாம், ஆனால் தமிழ்நாட்டில் குளிர்வதுபோல் இங்கே குளிராது. இங்குள்ள காற்றில் ஈரம் அதிகம், பானையின் மேல் கசியும் நீர் சீக்கிரம் ஆவியாவதில்லை. பானையை நிழலில், காற்றோடும் இடத்தில், ஈரத் துணி சுற்றி வைத்தால் கொஞ்சம் பலன் உண்டு. கடையில் ஐஸ் வாங்கி ஒரு தெர்மாஸ் பிளாஸ்கில் போட்டு வைப்பதே இங்கு சுலபம்.

இனிச் சொல்வதை வேலை நேரத்தில் கத்தியைப் பிடிப்பதுபோல் கவனமாகக் கேளுங்கள். பானத்தை எதில் ஊற்றி வைக்கிறீர்கள்?

பால் உறையவைக்கும் ஆசிட் தண்ணீர்போலவே இருக்கும். பார்மிக் ஆசிட் ஒரு வாய் உள்ளே போனால் தொண்டையும் வயிறும் வெந்துபோகும், உயிரும் போகும். சிறு தோட்டக்காரர்களும் குத்தகைக்கு வெட்டுபவர்களும் அதை வீட்டுக்கே கொண்டுவந்து, காலிப் பான போத்தலில் ஊற்றி, சமையலறை மூலையில் வைக்கிறார்கள். பிள்ளை விளையாடிவிட்டு வியர்த்து விறுவிறுத்து ஓடிவரும்; தண்ணீர் என்று எடுத்துக் குடிக்கும். களைக்கொல்லியும் அப்படித்தான். பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து கோப்பிபோல், வறுத்த பார்லித் தேபோல் கறுப்பாக இருக்கும். தடைக்கு முன்பு வாங்கியது எந்தக் கொட்டகை மூலையிலாவது இன்னும் கிடந்தால் தொடாதீர்கள்; நிர்வாகத்திடமும் சங்கத்திடமும் சொல்லுங்கள். இன்று தெளிக்கும் மருந்துகளும் குடிநீர்ப் போத்தலில் இருக்கக் கூடாதவைதான். மருந்து இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் குடிப்பதற்கு ஆகாது. ஓட்டை போட்டு எறியுங்கள். குடிப்பதற்கென்று ஒரே மாதிரிப் போத்தல்கள் தனியாக வைத்து, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். வெள்ளைத் துணி இல்லாத போத்தலைத் தொடக் கூடாது என்பது வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பால்குடி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆயாக் கொட்டகையில் விடும் கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. வெயில் என்று இரக்கப்பட்டு இந்த நீர் எதையும் புகட்ட வேண்டாம்.

இவ்வளவும் வீட்டுப் பிற்பகலுக்கு. வெட்டுக்காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை நேரத்தில் குடிக்க வேண்டியது தண்ணீர். கடும் வெயிலில் உழைப்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை, அதாவது 240 மில்லிலிட்டர், குடிக்க வேண்டும் என்பது வெப்பநோய் ஆராய்ந்தவர்கள் சொல்லும் அளவு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை எட்டவும் கூடாது. ஆறு மணி நேர வேலைக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். அதை ஒரு பெண் வீட்டிலிருந்து தோளில் சுமந்து போக முடியுமா? காண்டாவும் வாளியும் சுமக்கவே தோள் போதவில்லை!

இங்கேதான் நாம் நிர்வாகத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்நீர் தொழிலாளர் வீடுகளுக்குத் தர வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். வேலையிடத்தில் நலவசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்பது 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். வெப்பத்தைச் சமாளிப்பது பற்றி அந்த இலாகா 2016-இல் வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளிக்கு, முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காதபோது, அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. தண்ணீர்த் தொட்டி வண்டி காட்டுக்கு வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது, நிழலில் உட்காரக் கொட்டகை இருக்கிறதா என்பதையெல்லாம் கிளைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நம் பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் சேர்த்தே எழுதுங்கள். அவர்களுக்கும் வெயில் அதே வெயில்தான். வீட்டில் நாம் எவ்வளவு அருமையாகச் செரைத் தண்ணீர் போட்டாலும், காட்டில் நிர்வாகம் தர வேண்டிய தண்ணீருக்கு அது ஈடாகாது. "உங்கள் மாதர் பிரிவு சொல்லிக்கொடுத்ததே, வீட்டிலிருந்து கொண்டுவா" என்று யாராவது சொன்னால், இந்த உரையின் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

வேலையிடத்தில் ஒருவர் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கி விழுந்தால், குடித்திருக்கிறார் என்று கேலி பேச வேண்டாம். அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 999-க்கு அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வயிற்றுப்போக்கும் சேர்ந்துவிட்டால் இந்தத் தேநீர் எதுவும் உதவாது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. சீனி வேண்டாம் என்று இவ்வளவு நேரம் பேசிவிட்டு இங்கே ஆறு கரண்டி என்கிறோமே என்று பார்க்காதீர்கள்; இது மருந்து, அளவு மாறக் கூடாது.

பின்னால் மேசையில் மூன்று கூஜா வைத்திருக்கிறது. மஞ்சள் செரை, கறுப்பு பார்லி, சிவப்பு ரோசெல். மூன்றிலும் சீனி போடவில்லை. வேண்டியவர்கள் பக்கத்துக் கிண்ணத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை கரண்டி என்று மட்டும் எண்ணுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் சிவப்பை விட்டுவிட்டு மற்ற இரண்டைக் குடிக்கலாம். செரைக் கன்று வேண்டுமென்பவர்கள் மாதர் பிரிவுச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்; வேரோடு பிடுங்கிய கன்றுகள் அடுத்த ஞாயிறு வரும். தொட்டி வண்டி பற்றிய விண்ணப்பத்தாளும் அதே மேசையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோப்பையை எடுங்கள்.